மாறாத பதிவு உண்மையான பதிவாகிவிடுமா? பிளாக்செயினும் ஒரு மழைப் பதிவேடும்

9 பிப்ரவரி 2024: வாசகர் ஒருவரின் கேள்வி

வரலாற்று ஆவணங்களையும் அறிவியல் தரவுகளையும் பிளாக்செயினில் ஏற்றிவிட்டால் அதன்பின் யாராலும் அவற்றில் கைவைக்க முடியாது. போலி ஆவணம், பொய்த் தரவு என்ற பேச்சுக்கே இடமிருக்காது. அப்படியிருக்க, ஆவணக் காப்பகங்களும் ஆய்வுக்கூடங்களும் இன்னும் ஏன் தயங்குகின்றன?

9 பிப்ரவரி 2024, இரவு

பிளாக்செயின் என்பது பலருடைய கணினிகளில் ஒரே படியாக இருக்கும், ஒவ்வொரு கட்டமும் முந்தையதோடு கோக்கப்பட்ட சங்கிலி வடிவப் பொதுப் பேரேடு. அதில் பெரும்பாலும் ஆவணம் ஏறுவதில்லை. ஆவணத்தின் ஹேஷ், அதாவது கைரேகை போன்ற ஒரு குறியீடு, மட்டுமே ஏறுகிறது. கோப்பு இரண்டு பக்கமாக இருந்தாலும் இரண்டாயிரம் பக்கமாக இருந்தாலும், எஸ்ஹெச்ஏ-256 என்னும் கணக்குமுறை அதற்கு 64 எழுத்துகள் கொண்ட ஒரு சரத்தைத் தருகிறது. கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினால்கூடச் சரம் முழுவதும் வேறாகிவிடும். சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கோப்பைத் திரும்ப உருவாக்க முடியாது. இந்தச் சரத்தைப் பொதுப் பேரேட்டில் பதிந்துவிட்டால், இன்ன கோப்பு இன்ன நாளுக்குள் இதே வடிவில் இருந்தது என்பதற்குச் சான்று கிடைக்கிறது. இதுவே காலமுத்திரை. கிடைப்பது அவ்வளவே. கோப்பில் எழுதியிருப்பது மெய்யா, எழுதியவர் யார், அந்தக் கோப்பு இன்றும் எங்கேயாவது இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்தச் சரத்திடம் பதில் இல்லை.

ஆறு ஆண்டுகளாகப் பழைய மழைப் பதிவேடுகளை மின்வடிவாக்கும் சிறு குழு ஒன்றில் இருக்கிறேன். நாங்களும் ஹேஷ் எடுத்துக் காலமுத்திரை இடுகிறோம். ஆகவே இந்த நுட்பத்தின் மீது எனக்கு வெறுப்பு இல்லை. கேள்வியின் முதல் வாக்கியத்தைப் பாதி ஏற்கிறேன். இரண்டாவதை ஏற்க இயலவில்லை.

10 பிப்ரவரி 2024

ஹேஷ்களைச் சங்கிலியாகக் கோக்கும் இந்த யோசனை பணத்தை முன்னிட்டு எழுந்ததன்று என்பது பலருக்குத் தெரியாது. 1986இல் 'செல்' ஆய்விதழில் வெளிவந்த ஒரு நோயெதிர்ப்பியல் கட்டுரைக்காக, தெரேசா இமானிஷி-காரி தம் ஆய்வுக் குறிப்பேட்டின் சில பக்கங்களைப் பின்னாளில் இட்டுக்கட்டினார் என்று குற்றம் சாட்டப்பட்டது. நோபல் பரிசு பெற்ற டேவிட் பால்டிமோர் அக்கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவராக இருந்ததால் விவகாரம் அமெரிக்க நாடாளுமன்றக் குழு வரை சென்றது. கள்ளநோட்டுகளை ஆராயும் 'சீக்ரெட் சர்வீஸ்' வல்லுநர்கள் குறிப்பேட்டின் மையையும் தாளையும், கருவி அச்சிட்ட தாள்சுருள்களையும் சோதித்து, இந்தப் பக்கம் இந்த நாளில் எழுதப்பட்டதுதானா என்று தேடினார்கள். 1996இல் மேல்முறையீட்டுக் குழு, குற்றச்சாட்டுகள் மெய்ப்பிக்கப்படவில்லை என்று முடிவு செய்து அவரை விடுவித்தது. ஒரு பக்கம் எப்போது எழுதப்பட்டது என்று காட்ட வழியில்லாமல் போனதால், ஓர் ஆய்வாளரின் வாழ்வில் பத்தாண்டுகள் கரைந்தன.

அந்த விவகாரம் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் பெல்கோர் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் ஹேபரும் ஸ்காட் ஸ்டார்னெட்டாவும் மின் ஆவணத்துக்குக் காலமுத்திரை இடுவது எப்படி என்ற கட்டுரையை 1991இல் வெளியிட்டார்கள். ஒவ்வோர் ஆவணத்தின் ஹேஷையும் அதற்கு முந்தையதோடு கோத்துவிட்டால், நடுவில் ஒன்றை நுழைக்கவோ உருவவோ முடியாது என்பது அவர்கள் கண்ட வழி. அவர்கள் தொடங்கிய நிறுவனம், கோத்த சரங்களின் தொகுப்பு ஹேஷை 1995 முதல் வாரந்தோறும் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் வரி விளம்பரப் பகுதியில் அச்சிட்டது. அந்த நாளிதழ் பல நாட்டு நூலகங்களில் கட்டு கட்டாக இருக்கிறது. ஓர் எழுத்தை மாற்ற வேண்டுமானால் அத்தனை நூலகங்களுக்கும் சென்று அத்தனை பிரதிகளையும் மாற்ற வேண்டும். பலர் கையில் இருப்பதே பாதுகாப்பு என்ற கருத்தை இதைவிடத் தெளிவாக நான் வேறெங்கும் கண்டதில்லை.

11 பிப்ரவரி 2024

பிட்காயினே இதையெல்லாம் கண்டுபிடித்தது என்று எழுதியிருப்பவருக்கு: 2008இல் வெளிவந்த பிட்காயின் கட்டுரையின் மேற்கோள் பட்டியலில் இருப்பவை எட்டு. அவற்றில் மூன்று ஹேபர், ஸ்டார்னெட்டா இருவரின் பங்கு உள்ளவை.

பிட்காயின் சங்கிலியின் முதல் கண்ணியான கட்டத்துக்குள் ('பிளாக்') 2009 ஜனவரி 3ஆம் நாள் 'தி டைம்ஸ்' நாளிதழின் தலைப்புச் செய்தி பொதிந்து வைக்கப்பட்டுள்ளது. நியூயார்க்கில் நாளிதழுக்குள் ஹேஷ் சென்றது. இங்கே கட்டத்துக்குள் நாளிதழ் வந்தது. இரண்டும் வெவ்வேறு செய்திகளைச் சொல்கின்றன. நாளிதழில் ஹேஷ் இருந்தால், ஆவணம் அந்த நாளுக்குப் பிற்பட்டது அன்று என்று பொருள். ஆவணத்தில் நாளிதழ் இருந்தால், அது அந்த நாளுக்கு முற்பட்டது அன்று என்று பொருள். காலமுத்திரை முதல் வகையைச் சேர்ந்தது. பழைய கடிதம் போல நேற்று நான் எழுதிய ஒன்றுக்கு இன்று முத்திரை இட்டால், அது இன்றைக்கு முன்பே இருந்தது என்று மட்டும் தெரியும். 1890ஆம் ஆண்டுக் கடிதம் என்று ஆகிவிடாது. வரலாற்று ஆவணங்களைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு மிகப் பெரிது.

14 பிப்ரவரி 2024

எங்கள் அனுபவத்தைச் சொல்ல வேண்டிய இடம் இது. மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து 41 மழைப் பதிவேடுகள் எங்களிடம் வந்தன. கனத்த அட்டை, துணி ஒட்டிய முதுகு, உள்ளே நீலக் கறுப்பு மையில் கோடு பிசகாத எழுத்து. நாள்தோறும் காலையில் மழைமானியை அளந்து இன்ச், சென்ட் கணக்கில் எழுதியிருக்கிறார்கள்; ஓர் இன்ச்சுக்கு நூறு சென்ட். மழையில்லாத நாளுக்கு ஒரு சிறு கோடு. ஆடி மாதப் பக்கங்களில் கோடு மிகக் குறைவு.

நான்கு மாதங்கள் அமர்ந்து எண்களைத் தட்டெழுதி, மில்லிமீட்டருக்கு மாற்றி, ஒரே அட்டவணையாகத் தொகுத்து, ஹேஷ் எடுத்து, பிட்காயின் சங்கிலியில் காலமுத்திரை பெற்றோம். அன்று எங்களுக்கு அளவில்லாத மகிழ்ச்சி. மூன்று வாரங்கள் கழித்துத்தான் பிழை தெரிந்தது. முதல் ஒன்பது பதிவேடுகளில், காலையில் அளந்த மழையை முந்தைய நாளின் கணக்கில் எழுதியிருந்தார்கள். பத்தாவது பதிவேட்டில் எழுத்தர் மாறியிருக்கிறார். அவர் அளந்த நாளின் கணக்கிலேயே எழுதியிருக்கிறார். நாங்கள் இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவிட்டோம். ஆகவே பல ஆண்டுகளின் மழை ஒரு நாள் தள்ளி விழுந்துவிட்டது. அந்தத் தவறான அட்டவணை, கல்வெட்டு மொழியில் சொன்னால், சந்திராதித்தவரை நிற்கும்படி முத்திரை பெற்றுவிட்டது.

முத்திரையில் குறையில்லை. நாங்கள் கொடுத்ததை அது கொடுத்தபடியே காத்தது. பொய்த் தரவு என்ற பேச்சுக்கே இடமிருக்காது என்ற வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அட்டவணைதான் நினைவுக்கு வருகிறது.

15 பிப்ரவரி 2024

திருத்திய அட்டவணைக்குப் புதிதாக முத்திரை இடலாமே என்று கேட்டிருக்கிறார்கள். இட்டோம். பழையதை மறைக்கவில்லை, இரண்டையும் வைத்து, ஏன் மாற்றினோம் என்ற குறிப்பையும் சேர்த்து முத்திரை இட்டோம். பத்திரம் எழுதுபவர்களுக்கு இது புதிதன்று. எந்தப் பக்கத்தில் எத்தனை அடித்தல், எத்தனை திருத்தல் என்று எழுதிக் கையொப்பமிடுவது நம் ஊர் வழக்கம். தோட்டத்து எழுத்தரும் அப்படியே செய்திருக்கிறார்: தவறான எண்ணின் மீது ஒற்றைக் கோடு, மேலே சரியான எண், பக்கத்தில் சிறிய கையெழுத்து. அடித்த எண்ணும் இன்றுவரை படிக்கும்படி இருக்கிறது. அழிப்பான் பட்ட தடம் 41 பதிவேடுகளில் ஓரிடத்திலும் இல்லை.

19 பிப்ரவரி 2024

இன்னொரு சிக்கல். பதிவேட்டுப் பக்கங்களின் படங்களுக்கும் ஹேஷ் எடுத்து வைத்திருந்தோம். ஓராண்டு கழித்துச் சரிபார்த்தபோது ஏறத்தாழ நூறு படங்கள் பொருந்தவில்லை. யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று பதறினோம். உண்மையில் நடந்தது இதுதான்: குழுவில் ஒருவர் படுக்கைவாட்டில் இருந்த படங்களைப் பார்வைக்கு வசதியாக நிமிர்த்திச் சேமித்திருக்கிறார். கண்ணுக்கு ஓர் எழுத்தும் மாறவில்லை. ஹேஷுக்கு அது முற்றிலும் வேறு கோப்பு. மூலப் படங்கள் வேறொரு வன்தட்டில் இருந்ததால் தப்பினோம்.

ஆவணக் காப்பகங்களின் தயக்கத்துக்கு இது ஒரு முதன்மையான காரணம். கோப்பு வடிவங்கள் வழக்கொழிகின்றன. இருபது ஆண்டுகளுக்கு முந்தைய காணொளியை இன்றைய வடிவத்துக்கு மாற்றாமல் காக்க முடியாது. மாற்றினால் ஹேஷ் பொருந்தாது. பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகமும் சர்ரே பல்கலைக்கழகமும் திறந்த தரவு நிறுவனமும் சேர்ந்து நடத்திய 'ஆர்க்கேஞ்சல்' திட்டம் இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டது. கோப்பின் பிட்டுகளை விட்டுவிட்டு, காணொளியின் உள்ளடக்கத்திலிருந்தே ஒரு ஹேஷைக் கணினிக் கற்றல் வழியாக உருவாக்கி, வடிவம் மாறினாலும் பொருந்தும்படியும் காட்சியை வெட்டினால் பொருந்தாதபடியும் அமைக்க முயன்றார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் எந்த மாற்றம் பொறுக்கத்தக்கது, எது பொறுக்கத்தகாதது என்று யாரோ ஒருவர் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. கணக்கு மட்டுமே காவல் என்ற நிலை அங்கே முடிந்துவிடுகிறது.

24 பிப்ரவரி 2024

இதை எழுதுவது எனக்கு எளிதன்று. வேறொரு இடத்திலிருந்து வந்த ஒரு பதிவேட்டை, 212 பக்கங்கள், படமெடுத்து முத்திரையிட்டுத் திருப்பிக் கொடுத்தோம். படங்களைப் பணம் கட்டி ஒரு சேமிப்புச் சேவையில் வைத்திருந்தோம். கணக்கில் ஏதோ தவறு என்று சொல்லி அவர்கள் கணக்கையே மூடிவிட்டார்கள். எச்சரிக்கை மடல் யாரும் பார்க்காத ஒரு முகவரிக்குச் சென்றிருக்கிறது. எங்கள் வன்தட்டு அதற்கு முன்பே பழுதாகியிருந்தது. பதிவேட்டையாவது மறுபடி படமெடுக்கலாம் என்று போனால், அலமாரியில் கறையான் மண்தான் இருந்தது. கையில் எடுத்தபோது அட்டை மட்டும் வந்தது.

அந்த 212 பக்கங்களின் ஹேஷ் இன்றும் இருக்கிறது. சங்கிலி இருக்கும்வரை இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு நாள் மழையைக்கூட என்னால் சொல்ல முடியாது.

1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்திரை இருந்திருந்தாலும் ஓர் ஓலை மீண்டிருக்காது. இன்னொரு பிரதி இருந்திருந்தால் மீண்டிருக்கும். இப்போது நாங்கள் ஒவ்வொரு பதிவேட்டுக்கும் மூன்று ஊர்களில் மூன்று பிரதிகள் வைக்கிறோம். முத்திரைக்குச் செலவு செய்ய யோசிக்கிறோம், பிரதிக்கு யோசிப்பதில்லை.

2 மார்ச் 2024

அறிவியல் பதிவுகளைப் பற்றிக் குறைவாக எழுதிவிட்டேன். பிளாக்செயினுக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிவியலாளர்கள் இதே வேலையைக் கையால் செய்தார்கள். ராபர்ட் ஹூக் 1676இல் தம் சுருள்வில் விதியைச் சொல்லும் லத்தீன் வாக்கியத்தின் எழுத்துகளைக் கலைத்து, அகர வரிசையில் அடுக்கி அச்சிட்டார். 1678இல் வாக்கியத்தை வெளிப்படுத்தினார். கருத்தும் வெளியாகவில்லை, முதலுரிமையும் போகவில்லை. அவருக்கு முன்பு 1610இல் கலிலியோ, சனிக்கோளைத் தொலைநோக்கியில் மூன்றாகக் கண்ட செய்தியை இப்படிக் கலைத்து அனுப்பினார். கெப்ளர் அந்த எழுத்துகளை வேறு விதமாகக் கோத்து, செவ்வாய்க்கு இரண்டு நிலவுகள் உண்டு என்று படித்துவிட்டார்.

எழுத்துக் கலைப்புக்கு இரண்டு பொருள் வரலாம். இன்றைய ஹேஷில் அதற்கு வாய்ப்பில்லை. ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஓட்டை ஒன்று இருக்கிறது. ஓர் ஆய்வாளர் பத்துக் கருதுகோள்களை எழுதி, பத்துக்கும் தனித்தனியே முத்திரை இட்டு, ஆய்வு முடிந்தபின் பலித்த ஒன்றை மட்டும் வெளியே காட்டலாம். முத்திரை உண்மை, நாள் உண்மை, கோப்பு மாறவில்லை. ஆனாலும் நாம் ஏமாற்றப்பட்டிருக்கிறோம். காட்டாமல் விட்டதைச் சங்கிலி காட்டாது. மருந்து ஆய்வுகளைத் தொடங்கும் முன்பே பொதுப் பட்டியலில் பதிய வேண்டும் என்ற விதி இந்த ஓட்டையைத்தான் அடைக்கிறது. அந்தப் பட்டியலில் காட்டாத ஆய்வும் பெயரோடு நிற்கும்.

நம் அலுவலகப் பதிவேடுகளில் இதற்கு ஓர் எளிய வழி உண்டு. முதல் பக்கத்தில், இப்பதிவேட்டில் 1 முதல் 200 வரை பக்கங்கள் உள்ளன எனச் சான்றளிக்கப்படுகிறது என்று எழுதி, அலுவலர் கையொப்பமிட்டிருப்பார். எழுதத் தொடங்கும் முன்பே எண்ணிவிடுகிறார்கள். ஒரு பக்கம் கிழிந்தால் கிழிந்தது தெரியும். எங்கள் முத்திரையிலும் இப்போது இதைச் சேர்த்திருக்கிறோம்: தனிப்பட்ட கோப்புகளோடு, மொத்தம் எத்தனை பக்கங்கள், எவை வெற்றுப் பக்கங்கள், எவை இல்லை என்ற பட்டியலுக்கும் ஹேஷ் எடுக்கிறோம்.

6 மார்ச் 2024

முதல் நாள் குறிப்பில், திருத்த முடியாது என்பதைப் பாதி ஏற்பதாக எழுதினேன். எந்தப் பாதி என்று சொல்லவில்லை.

2016இல் எத்தீரியம் என்னும் மற்றொரு பொதுச் சங்கிலியில் 'டாவோ' என்ற நிதியத்திலிருந்து பெருந்தொகை களவு போனபோது, பெரும்பான்மைப் பயனர்கள் உடன்பட்டு, களவு போன தொகையை மீட்கும்படி கணக்கையே மாற்றியமைத்தார்கள்; உடன்படாதவர்கள் பழைய சங்கிலியைத் தனியே தொடர்ந்தார்கள். அன்று அது நியாயமா என்பது வேறு வழக்கு. போதுமானவர்கள் சம்மதித்தால் மாற்ற முடியும் என்பது அன்று வெளிப்பட்டது. பொதுச் சங்கிலிக்கே இந்த நிலை என்றால், ஒரே துறையின் நான்கு கணினிகளில் ஓடும் தனிச் சங்கிலியை என்னவென்று சொல்வது? நான்குக்கும் சாவி ஒரே மேசை இழுப்பறையில் இருந்தால், அது பூட்டிய அலமாரியில் இருக்கும் பதிவேட்டைவிட எந்த வகையிலும் மேலானதன்று.

ஹேஷ் கணக்குமுறைகளும் முதுமை அடைகின்றன. எஸ்ஹெச்ஏ-256க்கு முந்தைய கணக்குமுறையான எஸ்ஹெச்ஏ-1இல் ஒரே ஹேஷ் தரும் இரண்டு வெவ்வேறு பிடிஎஃப் கோப்புகளை ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ நிறுவனமும் கூகுளும் 2017 பிப்ரவரியில் உருவாக்கிக் காட்டின. எஸ்ஹெச்ஏ-256 இன்று உறுதியாக இருக்கிறது; நூறாண்டுக்கு யாரும் பிணை நிற்க முடியாது. பழைய கணக்குமுறை தளரும் முன்பே, ஆவணத்தையும் பழைய முத்திரையையும் சேர்த்துப் புதிய முறையில் மறுமுத்திரை இட வேண்டும். திருமழபாடிக் கோயிலில் இதே வேலை கல்லில் நடந்திருக்கிறது. முதலாம் இராசராசன் விமானத்தைப் பிரித்துக் கட்டப் பணித்தபோது, சுவரில் இருந்த கல்வெட்டுகளை முன்கூட்டியே புத்தகத்தில் படியெடுக்கச் செய்தான். இராசேந்திரன் காலத்தில் அவை புதுச் சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. அந்தச் செய்தியையும் அங்கேயே கல்லில் வெட்டி வைத்தார்கள். கல்லே நிலையானது என்று அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை.

7 மார்ச் 2024

செலவைப் பற்றிக் கேட்டவருக்கு மட்டும் சுருக்கமாக: ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியே ஒரு பரிவர்த்தனை, அதாவது சங்கிலியில் கட்டணம் கட்டிச் செய்யும் பதிவு, தேவையில்லை. ஆயிரம் ஹேஷ்களை இரண்டிரண்டாகச் சேர்த்து மேலே மேலே கட்டினால் உச்சியில் ஒரே ஹேஷ் மிஞ்சும்; அதை மட்டும் பதிந்தால் போதும். எந்த ஒரு கோப்பையும் பத்துப் படிகளில் உச்சியோடு இணைத்துக் காட்டலாம். 'ஓப்பன் டைம்ஸ்டாம்ப்ஸ்' முறையில் 2017இல் இணைய ஆவணக் காப்பகத்தின் ஏறத்தாழ 75 கோடிக் கோப்புகள் இப்படி ஒரே பிட்காயின் பரிவர்த்தனையில் முத்திரை பெற்றன.

13 மார்ச் 2024

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன். முத்திரையின் பயனைக் குறைத்துச் சொல்லிவிட்டேன் என்று தோன்றுகிறது. அதைச் சரிசெய்ய ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும்.

அந்தத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பின் மீது பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவில் மண் சரிந்தது. இழப்பீட்டு வழக்கு நெடுநாள் இழுத்தது. அன்றிரவு எவ்வளவு மழை பெய்தது என்ற கேள்வி எழுந்தபோது, எங்கள் அட்டவணையின் எண்ணை ஒரு தரப்பினர் எடுத்துக் காட்டினார்கள். மறுதரப்பு, வழக்குக்காக நாங்கள் எண்ணை மாற்றிவிட்டோம் என்றது. நாங்கள் சிறிய குழு. எங்களுக்குப் பின்னால் நிறுவனப் பெயரோ பட்டமோ இல்லை. எங்கள் சொல்லை நம்பச் சொல்லிக் கேட்க எங்களிடம் ஒன்றும் இல்லை.

முத்திரை இருந்தது. எங்கள் கோப்பையும் சான்றுக் கோப்பையும் கொடுத்து, நீங்களே உங்கள் கணினியில் சரிபாருங்கள் என்றோம். அந்த எண், சர்ச்சை எழுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே அப்படியே இருந்தது என்பதை எதிர்த்தரப்பின் கணினி வல்லுநரே அரை மணி நேரத்தில் ஒப்புக்கொண்டார். எங்களை யாரும் நம்ப வேண்டியிருக்கவில்லை. இமானிஷி-காரி வழக்கில் மையையும் தாளையும் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் திணறிய கேள்வி, இங்கே அரை மணி நேரத்தில் தீர்ந்தது. பெயரும் செல்வாக்கும் இல்லாதவர்கள் வைத்திருக்கும் பதிவுக்கு இந்த நுட்பம் எவ்வளவு பெரிய துணை என்று அன்றுதான் உணர்ந்தேன்.

எண் மாறவில்லை என்பது தீர்ந்ததும் விவாதம் அடுத்த கேள்விக்கு நகர்ந்தது: அந்த எண் சரியா?

14 மார்ச் 2024

நேற்று விட்ட இடத்திலிருந்து. பதிவேட்டில் அந்த நாளுக்கு எழுதியிருந்த எண், சுற்றிலும் உள்ள தோட்டங்களின் அளவைவிடக் குறைவு. எங்கள் படத்தில் எண் மட்டும் தெளிவாக இருந்தது; வேறு குறிப்பு இல்லை. தோட்டத்து அலுவலகத்துக்குச் சென்று பதிவேட்டையே திறந்து பார்த்தோம். பக்கத்தின் இடது ஓரத்தில், தையலுக்குள் பாதி மறையும்படி, பென்சிலில் ஒரு வரி இருந்தது: "குப்பி நிரம்பி வழிந்தது. வெளிக் கலத்து நீரும் தரையில் போயிற்று."

எழுதிய எண் அன்றைய மழை முழுவதையும் காட்டவில்லை. மானி தாங்கியதை மட்டுமே காட்டுகிறது. அதை எழுதியவர் அறிந்திருந்தார், குறித்தும் வைத்திருந்தார். படமெடுக்கும்போது பக்கம் சீராகத் தெரிய வேண்டும் என்று ஓரத்தை வெட்டியவர்கள் நாங்கள்தாம். வெட்டிய படத்துக்குத்தான் முத்திரை இட்டிருந்தோம்.

30 மார்ச் 2024

41 பதிவேடுகளையும் மறுபடி படமெடுத்துக்கொண்டிருக்கிறோம். இம்முறை அட்டை, உட்புறம், தையல் ஓரம், வெற்றுப் பக்கம் எதையும் வெட்டுவதில்லை. பென்சில் எழுத்து தெரிவதற்காகப் பக்கவாட்டில் விளக்கு வைத்து இன்னொரு படமும் எடுக்கிறோம். ஏழு பதிவேடுகள் முடிந்திருக்கின்றன. ஓரக் குறிப்புகள் இதுவரை 63 கிடைத்திருக்கின்றன. ஒன்றில், மானியின் புனலில் குருவி கூடு கட்டியதால் நான்கு நாள் அளவு ஐயத்துக்குரியது என்று எழுதியிருக்கிறார்.